சீன எழுத்துக் கோட்டு வரிசைப் பயிற்சி: ஆப்பும் கட்ட நோட்டும், நீண்ட நாள் பயன்பாட்டில்

சீன எழுத்தை முறையான கோட்டு வரிசையில், அதாவது எந்தக் கோட்டுக்குப் பிறகு எந்தக் கோடு என்ற ஒழுங்கில், எழுதிப் பழக அனிமேஷன் காட்டும் ஆப் ஒன்றும் கட்டம் போட்ட நோட்டு ஒன்றும் போதும். ஆனால் இரண்டும் வேண்டும். வரிசையை ஆப் நன்றாகவே சொல்லித் தரும். அளவும் நினைவும் நோட்டில்தான் வரும். ஆப்பை மட்டும் நம்பியவர் கையில் வெறும் தாளைக் கொடுத்தால் திணறிப்போவார்.

கோணல்மாணலாக இழுத்தாலும் திசை ஏறக்குறைய சரியாக இருந்தால், பல ஆப்கள் அதை அழித்துவிட்டு அச்சுக் கோட்டை அங்கே வைத்துவிடும். நம் கையெழுத்து எப்படியிருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. மங்கலாகத் தெரியும் எழுத்தின் மேல் எழுதும் வசதியை முதல் தடவையோடு அணைத்துவிடுவது நல்லது.

சீனப் பள்ளிகளில் புழங்கும் நோட்டில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் புள்ளிக் கோட்டில் ஒரு கூட்டல் குறி இருக்கும். அது கிடைக்காவிட்டால் கட்டம் போட்ட கணக்கு நோட்டே போதும். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு கட்டத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். எந்தக் கோடு நடுக்கோட்டைத் தாண்டுகிறது, எது அதற்குள் நிற்கிறது என்று பார்த்து எழுதினால் அளவு தானாக வரும். பேனா 0.5 ஜெல், இல்லையென்றால் பென்சில்.

தமிழ்க் கை முதலில் தடுமாறுவது ‘கோவ்’ என்ற எழுத்தில். வாய் என்று பொருள், பார்க்க ஒரு சதுரம். ‘ப’ எழுதிப் பழகிய கை இடப்பக்கம் இறங்கி, அப்படியே அடியில் போய், மேலே ஏறப் பார்க்கும். சரியான முறையில் மூன்றே கோடுகள்: இடப்பக்கம் மேலிருந்து கீழே, பிறகு மேல்கோடும் வலப்பக்கமும் பேனாவை எடுக்காமல் ஒரே மடிப்பாக, அடிக்கோடு கடைசியில். ‘நாடு’ என்னும் ‘குவோ’ போல, உள்ளே வேறு எழுத்து வந்தாலும் அதை முடித்த பிறகே அடியை மூட வேண்டும்.

திசையும் வரிசையளவு முக்கியம். ‘நான்’ என்னும் ‘வோ’வில் ஏழு கோடுகள். மூன்றாவதான செங்குத்துக் கோடு அடியில் இடப்பக்கம் கொக்கியாக மடிகிறது. நான்காவது அதே இடப்பக்கத்தில் தொடங்கி வலப்புறம் மேலேறுகிறது. பலர் இந்த நான்காவதை மேலிருந்து கீழே இழுப்பார்கள். பால்பாயிண்ட் பேனாவில் வித்தியாசம் தெரியாது. வேகமாக எழுதும்போதுதான் கொக்கியிலிருந்து அடுத்த கோட்டுக்குக் கை தாவ வேண்டியிருக்கும், எழுத்தும் உடையும். வலது மேல்மூலைப் புள்ளி எல்லாவற்றுக்கும் கடைசி.

ஒரே எழுத்தை இருபது தடவை வரிசையாக எழுதுவதில் பயனில்லை. மூன்றாவதிலிருந்து கை மாதிரியை விட்டுவிட்டு முந்தைய கட்டத்தைப் பார்த்துதான் எழுதும், தப்பும் கூடவே வரும். இடப்பாதியை மட்டும் பத்துக் கட்டத்திலும் எழுதிவிட்டு வலப்பாதிக்கு வருகிறவர்களும் உண்டு. அது நோட்டை நிரப்பும் வேலை. பார்த்து மூன்று, மூடிவைத்து இரண்டு, மறுநாள் உச்சரிப்பையும் பொருளையும் மட்டும் வைத்து ஒன்று. இவ்வளவு போதும்.

ஆப்பில் முதலில் பார்க்க வேண்டியது அது எந்த நாட்டு முறையைப் பின்பற்றுகிறது என்பதை. ‘அரசன்’ என்னும் ‘வாங்’குக்குச் சீனாவில் இரண்டு படுக்கைக்கோடு, பிறகு செங்குத்து, பிறகு அடிக்கோடு. ஜப்பானில் முதல் படுக்கைக்கோட்டுக்கு அடுத்தே செங்குத்து வந்துவிடும். இரண்டும் அந்தந்த நாட்டில் சரி. கலந்து படித்தால்தான் குழப்பம். சீனாவில் 1997-இல் 7,000 எழுத்துகளுக்கு வரிசையை வரையறுத்தார்கள். இப்போதுள்ள தரநிலை 2021 மார்ச்சிலிருந்து 8,105 எழுத்துகளுக்கு நடப்பில் இருக்கிறது. தைவானுக்குத் தனி வரையறை.

அத்தனையையும் எழுதத் தெரிய வேண்டியதில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கான 2021 சீனமொழித் தரநிலை அடையாளம் காணக் கேட்பது 3,000. கையால் எழுதக் கேட்பது 1,200 மட்டுமே. சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யினில் தட்டச்சு செய்வது மட்டும் போதும் என்பவர் நோட்டு வாங்கவே வேண்டாம்.

காசில்லாமல் சோதித்துப் பார்க்க போனிலேயே வழியிருக்கிறது: கோடுகளை வைத்து எழுதும் சீன விசைப்பலகை. படுக்கை, செங்குத்து, இடச்சாய்வு, புள்ளி, மடிப்பு என ஐந்தே விசைகள். வலச்சாய்வும் புள்ளிக் கணக்கில்தான். ‘கட்டாயம்’ என்னும் ‘பி’ எழுத்துக்குப் புள்ளி, மடிப்பு, புள்ளி, இடச்சாய்வு, புள்ளி என்று தட்ட வேண்டும். வரிசை மாறினால் பெரும்பாலும் வேறு எழுத்துகள்தான் வந்து நிற்கும்.