சிறு காணியில் நடு முற்றமா, முன் விறாந்தையா?

வன்னி என்றால் ஏக்கர்க் கணக்கில் வளவு என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. கிளிநொச்சி, வவுனியா நகர்ப்புறங்களில் ஒன்று, இரண்டு பரப்புத் துண்டுகளிலும் வீடு எழும்புகிறது. ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ். ஏறக்குறைய 2,720 சதுர அடி. காற்றாட உட்கார எங்கே இடம் விடுவது?

நடு முற்றம், நாலு பக்கமும் அறைகள் சூழ்ந்த நாற்சார் வீட்டின் சுருங்கிய வடிவம். 10 அடிக்கு 10 அடி திறந்துவிட்டாலே உள்ளறைகளுக்கு வெளிச்சம் வரும், வெக்கை மேலே போகும். தெருவுக்குத் தெரியாமல் மிளகாய் காயவைக்கலாம். ஆனால் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி மழை கொட்டும்போது கூரைத் தண்ணீர் வீட்டின் நடுவில்தான் விழும். வடிகால் பிழைத்தால் தவளைகளோடு குடித்தனம். சுவர் நீளமும் மேசன் கூலியும் கூடும்.

விறாந்தை மலிவு. படலையில் நிற்பவரோடு இருந்தபடியே பேசலாம். அகலம் 8 அடியாவது வேண்டும். குறைந்தால் சாய்மனைக் கதிரை போட்டபின் நடக்க வழியிராது. மேற்கு பார்த்ததென்றால் பிற்பகல் வெயிலும் சோழகம் என்ற தென்மேற்குக் காற்று அள்ளிவரும் புழுதியும் உங்களுக்கே. கிடுகுத் தட்டி ஓரளவு காக்கும், வேம்பு அதைவிட நன்றாகக் காக்கும். வெறும் தகரக் கூரை மட்டும் வேண்டாம்.

ஒரு பரப்புக்கு நான் விறாந்தையையே சொல்வேன். இரண்டென்றால் வீட்டை ‘ட’ வடிவில் மடக்கி, அந்த மூலையை முற்றமாக்குவேன். எதற்கும் முன்னால் கிணற்றையும் மலக்குழியையும் குறியுங்கள்: இடையில் 50 அடி விடச் சொல்வார்கள், சதுரமான ஒரு பரப்பின் பக்கமோ 52 அடிதான்.