மட் செயலியும் ஓஆத்தும்: ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற டோக்கன்

"இன்னும் அந்தக் கறுப்புத் திரையில்தான் மின்னஞ்சல் படிக்கிறீர்களா? எனக்கும் அமைத்துத் தாருங்களேன்" என்று தேக்கா காப்பிக்கடையில் நண்பர் கேட்டார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். என் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்துவிட்டன.

அந்தக் கறுப்புத் திரை மட் (Mutt), விசைப்பலகையிலேயே மின்னஞ்சல் படிக்க உதவும் செயலி. அதை நான் குறை சொல்ல மாட்டேன். 1995 முதல் இருக்கிறது. என் பழைய மடிக்கணினியில், ஈசூன் ரயிலில் நின்றுகொண்டே, சுட்டி இல்லாமல் நாற்பது கடிதங்களைத் தீர்த்துவிடலாம். வம்பெல்லாம் வாசலில், உள்ளே நுழையும் இடத்தில்தான். 2022 முதல் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் வெறும் கடவுச்சொல்லை ஏற்பதை ஒவ்வொன்றாக நிறுத்தின. அந்த இடத்துக்கு, கடவுச்சொல்லைக் கொடுக்காமலே ஒரு செயலிக்கு அனுமதி தரும் முறையான ஓஆத் (OAuth) வந்தது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. சிங்கப்பூர் அரசின் மின்னடையாளச் சேவையான சிங்பாஸில் கியூஆர் குறியீட்டை வருடி உள்ளே போகும்போது அந்தத் தளத்திடம் நம் கடவுச்சொல்லைக் கொடுப்பதில்லை அல்லவா, அதே போலத்தான்.

மட்டுடன் வரும் பைத்தான் நிரல் கடவுச்சொல்லுக்குப் பதில் காட்டும் அனுமதிச் சீட்டான, ஒரு மணி நேரமே வாழும் அணுகல் டோக்கனைச் சத்தமில்லாமல் புதுப்பித்துக்கொள்கிறது. டோக்கன் இருக்கும் கோப்பினை ஜிபிஜி என்ற மறையாக்க மென்பொருள் கொண்டு பூட்டியும் வைக்கிறது. அழகான வேலை. ஆனால் அதைப் புதுப்பிக்கும் தாய் டோக்கன் ஏழே நாளில் செத்துப்போனது! ஞாயிறுதோறும் 'இன்வேலிட் கிராண்ட்' (அனுமதி செல்லாது) என்ற இரண்டு சொல் மட்டும் திரையில். உலாவியைத் திற, அனுமதி கொடு, குறியீட்டை ஒட்டு. நான்கு மாதம் என் கணினியைத்தான் திட்டினேன்.

காரணம் வேறு. ஓஆத்துக்காக அஞ்சல் நிறுவனத்திடம் என் பெயரில் பதிவு செய்த செயலி 'சோதனை' நிலையில் இருந்தால் ஏழு நாள்தான் ஆயுளாம். நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தி 'உற்பத்தி' நிலைக்கு மாற்றியதும் நோய் நின்றது. சரிபார்க்கப்படாத செயலி என்று ஓர் எச்சரிக்கை வரும். சொந்தச் செயலிதானே, தாண்டிப் போகலாம். அந்தப் பொத்தானைப் பற்றிப் பிழைச் செய்தியில் ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

போன மாதம் கடவுச்சொல்லை மாற்றினேன். டோக்கன் மறுபடி மாண்டது. இது நியாயமான மரணம். இருந்தும் எரிச்சல் வந்தது.

நண்பரிடம் ஓஆத் வேண்டாம் என்றேன். இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, ஒரு செயலிக்கென்றே நிறுவனம் தனியாகத் தரும் பதினாறு எழுத்துச் செயலிக் கடவுச்சொல் வாங்கி மட்டில் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும்.

"அப்படியானால் நீங்கள் ஏன் மாறவில்லை?"

நான்கு மாதம் பாடுபட்டாயிற்று, இனி எதற்கு மாற வேண்டும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு தே தாரிக் சொன்னார்.