லைக்கன் பாக்க யூவி டார்ச் வாங்கலாமா?

பூஞ்சையும் பாசியும் சேந்து வாழுற உயிர் தான் லைக்கன். அதத் தேடி பாக்குறவங்க கிட்ட 10 மடங்கு லென்ஸ் எப்படியும் இருக்கும், அதுக்கு அடுத்து என்ன வாங்கலாம்னு கேட்டா நான் யூவி (புற ஊதா) டார்ச்னு தான் சொல்வேன், அந்த வெளிச்சம் பட்டா சில லைக்கன் ஒளிரும். ஆனா அதோட ஒளி அலைநீளம் 365 நேனோமீட்டரா இருக்கணும், முன்னாடி கருப்பு ஃபில்டர் கண்ணாடி இருக்கணும். 395னு போட்டு விக்கிறது வேணவே வேணாம், அதுலேர்ந்து கண்ணுக்கு தெரியுற ஊதா வெளிச்சம் நிறைய கொட்டுது, லைக்கன்லேர்ந்து வர்ற மங்கலான ஒளி அதுல அமுங்கிடும், ஒளிருதா இல்லையான்னே சொல்ல முடியாம போயிடும்.

வெளித்தோற்றத்த மட்டும் நம்பி லைக்கனுக்கு பேர் சொல்றது ரொம்ப கஷ்டம். அதுல கண்டுபிடிச்சிருக்கற கெமிக்கல் மட்டும் 1000க்கு மேல, பெரும்பாலானது வேற எந்த உயிர்லயும் கிடையாது. சாம்பல் கலர்ல ஒரே மாதிரி ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும், டார்ச் அடிச்சா ஒண்ணு பளிச்னு மஞ்சளா ஒளிரும், அதுல லைக்கெசாந்தோன்ங்கற கெமிக்கல் இருக்கு, இன்னொண்ணு இருட்டாவே கிடக்கும். கிளாடோனியா ஸ்குவாமோசான்னு ஒரே இனத்துக்குள்ளயே ஸ்குவாமாடிக் அமிலம் இருக்கறது நீலம் கலந்த வெள்ளையா ஒளிரும், தம்னோலிக் அமிலம் இருக்கறது ஒளிராது. முதல் தடவ பாக்குறப்போ நிஜமாவே புல்லரிச்சுது.

1866ல நைலாண்டர்ங்கற லைக்கன் ஆராய்ச்சியாளர் ப்ளீச், பொட்டாஷ் எல்லாம் சொட்டு விட்டு கலர் மாறுதான்னு பாக்குற முறைய கொண்டு வந்தார், இன்னிக்கும் அது தான் அடிப்படை. (அதே வருஷம் பாரிஸ்ல லக்ஸம்பர்க் தோட்டத்து லைக்கன வச்சு காத்து எவ்ளோ கெட்டுப்போச்சுன்னு சொல்லலாம்னு எழுதினவரும் இவரே.) ஆனா சொட்டு விட்ட இடம் பாழாயிடும், சில லைக்கன் வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர் கூட வளராது, பனிப்பாறை எப்ப பின்வாங்குச்சுன்னு கணக்கு போடவே அத அளக்குறாங்க, அப்படிப்பட்டத நாம ஏன் கெடுக்கணும்? டார்ச்ல அந்த சேதம் இல்ல. எனக்கு இதுல ரொம்ப பிடிச்சதே அது தான்.

லேப்ல யூஸ் பண்ற லிட்மஸ் ரோசெல்லா மாதிரி லைக்கன்லேர்ந்து வந்தது, பெர்ஃப்யூம்காரங்க ஓக்மாஸ்னு சொல்ற எவர்னியாவும் லைக்கன் தான். அந்த சாறுல இருக்கற அட்ரனால், குளோரோஅட்ரனால் தோலுக்கு அலர்ஜி பண்ணுதுன்னு 2017ல ஐரோப்பிய யூனியன் அழகுப் பொருள்ல அந்த ரெண்டையும் தடை பண்ணிச்சு. சில லைக்கன்ல இருக்கற அஸ்னிக் அமிலம் பாக்டீரியாவ தடுக்கும், அதையே எடை குறைக்கிற மாத்திரையா சாப்பிட்டவங்களுக்கு ஈரல் கெட்டுப்போயிருக்கு. அதனால எது எந்த லைக்கன், உள்ள என்ன இருக்குன்னு தெரியறது வெறும் பேர் வைக்கிற வேலை இல்ல.

ஆனா டார்ச் பேர் சொல்லிடும்னு நினைச்சு வாங்காதீங்க. அது ஒரு தடயம் தரும், அவ்வளவு தான். புது இனம்னு உறுதி பண்ண டிஎன்ஏ, குரோமட்டோகிராஃபி (உள்ள இருக்கற கெமிக்கல்கள தனித்தனியா பிரிச்சு பாக்குற முறை) எல்லாம் வேணும். அமெரிக்க கண்டங்கள்ல ஒரே இனம்னு ரொம்ப காலமா நினைச்சிட்டிருந்த கோரா வகை லைக்கன டிஎன்ஏ வச்சு பிரிச்சப்போ குறைஞ்சது 126 இனம்னு 2014ல தெரிஞ்சுது, 400க்கு மேல கூட இருக்கலாம்னு கணிச்சாங்க. இன்னும் பேரே வைக்காதது எவ்வளவோ கிடக்கு, அதுல ஒண்ணு நம்ம கண் முன்னாடி இருக்கறதுக்கும் வாய்ப்பு இருக்கு.

குறைன்னா, பகல் வெளிச்சத்துல சுத்தமா உதவாது, கருப்பு துணி போத்திக்கிட்டு தான் பாக்கணும். கொஞ்ச நேரம் எரிஞ்சாலே தலைப்பகுதி நல்லா சூடாயிடுது, ஸ்விட்ச் பைக்குள்ள தானா அமுங்கி ஆன் ஆகுது, அதனால பேட்டரிய கழட்டி வச்சு தான் எடுத்துட்டு போறேன். பாறைல இருக்கற கால்சைட்ங்கற கனிமமும் சில சமயம் ஒளிரும், அதப் பாத்து ஏமாறக்கூடாது. யூவி தடுக்குற கண்ணாடி போடாம அடிக்கவே அடிக்காதீங்க, பக்கத்துல குழந்தைங்க இருந்தா அவங்களுக்கும் போட்டு விடுங்க.

போட்டோ எடுக்கறப்போ ஃபோன்ல வைட் பேலன்ஸ ஆட்டோல விடாம டேலைட்ல லாக் பண்ணுங்க, இல்லன்னா மஞ்சள் வெள்ளையா மாறிடும். அதே இடத்த சாதா வெளிச்சத்துலயும் ஒண்ணு எடுத்து, எந்த மரம், எந்த பாறைன்னும் குறிச்சு வைங்க, யூவி போட்டோ மட்டும் அனுப்பினா எந்த நிபுணராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது.