ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு என்ஜின் வேலைக்குப் பணம் வாங்கினார்கள்: லாரி வைத்திருப்போர் கவனத்திற்கு

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவதும், ஓடிச் சூடேறியபின் ஆயில் பிரஷர் இறங்குவதும் ஒரே சமயத்தில் தோன்றினால், என்ஜின் போய்விட்டது என்று யார் சொன்னாலும் உடனே சம்மதித்துவிடாதீர்கள். நாமக்கல்லில் ஒரே ஒரு லாரியை வைத்துப் பிழைக்கும் நான் அப்படிச் சம்மதித்ததால் ரூ.1,46,000-ஐயும் 17 நாள் ஓட்டத்தையும் இழந்தேன்.

எங்களுடையது 2014-இல் வாங்கிய 10 சக்கர வண்டி. 2017 ஏப்ரலில் நாடெங்கும் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 4 விதி வருவதற்கு முந்தியது என்பதால், என்ஜினுக்குள் டீசல் அடிப்பது பழைய இன்லைன் பம்ப்தான். அந்தப் பம்ப்பின் உள்ளே ஓடுவதும் என்ஜின் ஆயிலே என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் கடைசியில் கண்ட விடை அங்கேதான் இருந்தது.

கடந்த மார்கழியில் நாக்பூருக்கு லோடு போயிருந்தபோது டிரைவர் போனில் அழைத்தார். "அண்ணா, காலையில பத்துப் பதினஞ்சு தடவை செல்ஃப் அடிச்சாத்தானுங்க எடுக்குது. கைப்பம்ப்ப இருவது தடவை அடிச்சுட்டா ஒரே செல்ஃப்ல எடுத்துக்குதுங்க" என்றார். கைப்பம்ப் என்பது லைனில் டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்ப். திரும்பி வரும் வழியில், சூடான என்ஜின் ஐடிலிங்கில் நிற்கும்போது எப்போதும் 2 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) குறையாத ஆயில் பிரஷர் 1 பாருக்குக் கீழே இறங்கியது. பயந்துபோய், 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்தபின் வரும் ஒரு பட்டறையில் வண்டியை விடச் சொன்னேன்.

பட்டறைக்காரர் கால்மணி நேரத்தில் முடிவு சொல்லிவிட்டார். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது) இல்லாததால் ஸ்டார்ட்டிங் இல்லை, பேரிங் தேய்ந்ததால் பிரஷர் இல்லை, எனவே கிராங்க் தண்டைக் கிரைண்டிங் செய்து, அதாவது கடைந்து, அதற்கேற்ற 0.25 மி.மீ. அளவுப் பேரிங் போட்டு ஆயில் பம்ப்பையும் மாற்றியாக வேண்டும் என்றார். டேஷ்போர்டு முள் காட்டுவது மெய்தானா என்று பார்க்க வெளியிலிருந்து ஒரு மெக்கானிக்கல் கேஜை அவர் மாட்டவில்லை. கம்ப்ரஷனை அளக்கவில்லை. ஆயில் மட்டம் காட்டும் டிப் ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்கவில்லை என்று டிரைவர் பிறகு சொன்னபோது எனக்கு நெஞ்சு பதறியது.

கைப்பம்ப்பைப் பற்றி டிரைவர் சொன்ன அந்த ஒரு செய்தியே பாதி நோயைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். கம்ப்ரஷன் குறைந்த என்ஜினில் டீசல் சிலிண்டருக்குள் போய் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியேறும். கைப்பம்ப்பை எத்தனை முறை அடித்தாலும் அந்தக் குறை தீராது. எங்கள் வண்டியிலோ செல்ஃப் அடிக்கும்போது புகையே வரவில்லை, கையால் அடித்ததும் உடனே எடுத்தது. அப்படியென்றால் இரவில் டீசல் லைன் காலியாகி, காலையில் டீசல் பம்ப்புக்கே வந்து சேரவில்லை என்றுதான் பொருள். இது எனக்கு அப்போது தெரியாது. தொழிலாக இதைச் செய்பவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

வண்டியைத் திரும்ப எடுத்த அன்று கேஜ் 3 பார் காட்டியதால் நான் முழுதாக நம்பிவிட்டேன். 22-ஆம் நாள் பழைய கோளாறு இரண்டும் சேர்ந்தே திரும்பி வந்தன. இம்முறை நாமக்கல்லில் பம்ப் வேலை பார்க்கும் வயதான மிஸ்திரி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது டிப் ஸ்டிக்கை உருவியதுதான். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை ஏறி நின்றது. விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு, "ஓடற வண்டியில ஆயில் குறையோணுமுங்க. ஏறியிருக்குதுன்னா டீசல் கலக்குதுன்னு அர்த்தம்" என்றார்.

இன்லைன் பம்ப்பின் பக்கத்தில் பொருத்தியிருக்கும், டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப்பைக் கழற்றிக் காட்டினார். அதன் ஸ்பிண்டில் தேய்ந்து, டீசல் அதன் வழியே பம்ப்பின் கேம் அறைக்குள் கசிந்து, அங்கிருந்து என்ஜின் ஆயிலோடு கலந்துகொண்டிருந்தது. வால்வுகளும் சரியாக மூடாததால், வண்டி நிற்கும் நேரத்தில் டீசல் டேங்குக்கே திரும்பியது. நீர்த்துப்போன ஆயில் சூடேறினால் பிரஷர் எப்படி நிற்கும்? நெடுஞ்சாலைப் பட்டறையில் பிரஷர் ஏறியதற்குக் காரணம் புதிதாக ஊற்றிய ஆயில் மட்டுமே. ஃபீட் பம்ப், ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து ரூ.9,400-இல் கோளாறு தீர்ந்தது.

டீசல் கலந்த ஆயிலில் ஓடியதால் புதுப் பேரிங் கெட்டிருக்குமோ என்ற கவலையில், என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றச் சொன்னேன். உள்ளே இருந்த பேரிங்குகளின் முதுகில் 'எஸ்டிடி' என்று பொறித்திருந்தது, அதாவது கடையாத கிராங்குக்கான ஸ்டாண்டர்டு அளவு. கிராங்கைக் கடைந்திருந்தால் அந்த அளவுப் பேரிங் அதில் பொருந்தாது. ஆக, பட்டறைக்காரர் கொடுத்த சீட்டில் எழுதிய கிரைண்டிங்கும் நடக்கவில்லை, 0.25 பேரிங்கும் போடவில்லை. என்னுடையவை என்று சாக்கில் கட்டிக் கொடுத்த பழைய பேரிங்குகளைத் திருப்பிப் பார்த்தால் அவற்றில் 0.50 என்றிருந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் பிரிக்காத என் என்ஜினில் அந்த அளவு எப்படி இருந்திருக்கும்? அவை வேறு யாரோ ஒருவருடைய வண்டியில் கழற்றியவை.

கேட்கப் போனபோது, வேறு ஆள் கைவைத்த வண்டிக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னிடம் இருப்பது ஜிஎஸ்டி எண் இல்லாத கையெழுத்துச் சீட்டு ஒன்றுதான். சுயதொழிலாக லாரி ஓட்டிப் பிழைப்பவரும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் முறையிடலாம் என்பதால், மிஸ்திரியின் எழுத்து, பேரிங் படங்கள், பணம் அனுப்பிய வங்கி விவரம் ஆகியவற்றைச் சேர்த்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். சரியான பில் கையில் இல்லாததுதான் இப்போது என்னை அதிகம் வருத்துகிறது.

இதே நிலையில் உங்கள் வண்டி எங்கேனும் பட்டறையில் நின்றுகொண்டிருந்தால், சம்ப் போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் ஆயில் மட்டத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மெக்கானிக்கல் கேஜ் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பேரிங்கைக் கழற்றும் நேரத்தில் நீங்களோ உங்கள் டிரைவரோ பக்கத்தில் நின்று, அதன் முதுகில் உள்ள எண்ணை அங்கேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் டிரைவரை இரண்டாம் நாளே ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நானும் சரியென்று சொல்லிவிட்டேன்.