எராஸ்மஸ் பிளஸ் இளைஞர் பரிமாற்றம்: பத்து நாள் முகாமும் என் மதிப்பீடும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் இளைஞர் பரிமாற்றம் என்றொரு பிரிவு உண்டு. 13 முதல் 30 வயது வரையுள்ளவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து, பயண நாட்கள் நீங்கலாக 5 முதல் 21 நாட்கள் வரை ஒன்றாகத் தங்கி, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசிப் பழகுவார்கள். போலந்துக் கிராமம் ஒன்றில் நடந்த அத்தகைய முகாமுக்கு ஜெர்மனிக் குழுவின் தலைவியாகச் சென்று வந்தேன். ஜெர்மனி, போலந்து, ஸ்பெயின், பல்கேரியா, பின்லாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து முப்பது பேர் வந்திருந்தனர். ஒரு நாட்டாரைப் பற்றி மற்றவர்கள் குத்தி வைத்திருக்கும் முத்திரைகளே நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள்.

முதல் நாள் மாலை, நாட்டுக்கு ஒன்றாக ஐந்து பெரிய தாள்களைச் சுவரில் ஒட்டி, மனத்தில் தோன்றுவதைப் பெயர் போடாமல் எழுதச் சொன்னார்கள். ஜெர்மனியின் தாளில் ‘கடிகாரம்’ என்றும், பின்லாந்தின் தாளில் ‘பேசவே மாட்டார்கள்’ என்றும் எழுதப்பட்டதற்கு அந்தந்த நாட்டாரே சிரித்துவிட்டார்கள். பல்கேரியாவின் தாளில் யாரோ ‘ஏழைகள்’ என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்த பல்கேரியப் பெண் ஒன்றும் சொல்லாமல், கையிலிருந்த பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றுகொண்டிருந்தாள். அந்த இடத்திலேயே அமர்ந்து பேசியிருக்க வேண்டும். ஆனால் நேரமாகிவிட்டது என்று சொல்லி முகாமை நடத்திய அமைப்பினர் கலந்துரையாடலைத் தள்ளிவைத்தார்கள். குழுத்தலைவர்கள் வற்புறுத்திய பிறகு நான்காம் நாள்தான் அது நடந்தது. இடைப்பட்ட நாட்களில் அந்தப் பெண் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தாள். முத்திரைகளை வெளியே கொட்டச் சொல்லிவிட்டு அவற்றைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்காத பயிற்சி, நடத்தாமலே விடுவதைவிட மோசமானது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு நேர்மாறாக, யாரும் திட்டமிடாத ஒரு காட்சி சாப்பாட்டு மேசையில் நடந்தது. இன்னும் சூப் வேண்டுமா என்று ஸ்பெயின் பெண் கேட்க, பல்கேரிய இளைஞன் தலையை இடமும் வலமுமாக அசைத்தான். அவள் கரண்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். பல்கேரியாவில் அப்படி அசைத்தால் ஆம் என்று பொருள். காலிக் கிண்ணத்தோடு அவன் விழித்த விழியைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அன்று இரவு வெகுநேரம் வரை ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வழக்கங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறந்த நாளுக்கு முன்பே வாழ்த்துவதை ஜெர்மனியில் அபசகுனமாகக் கருதுவார்கள் என்பதும், வாசற்படியின் குறுக்கே கைகுலுக்கப் போலந்தில் தயங்குவார்கள் என்பதும் அப்போது வெளிவந்தவை. அதிகம் பேசியவன், பின்லாந்திலிருந்து வந்த பையன்.

வழக்கமான பண்பாட்டு மாலையில் கொடியும் தின்பண்டமும் பாட்டும் இருந்தன. மகிழ்ச்சியான மாலைதான், ஆனால் சுற்றுலாக் கையேட்டைத் தாண்டி எதுவும் தெரியவரவில்லை.

தங்குமிடமும் உணவும் திட்டத்தின் நிதியிலிருந்தே கிடைத்தன. பயணச் செலவை மட்டும் முதலில் நாங்கள் போட்டுப் பின்னர் பெற்றோம். கையில் பணமில்லாத இளைஞருக்கு இது பெரும் சுமை. முடிவில் தரப்படும் யூத்பாஸ் சான்றிதழில் தாம் கற்றதைப் பங்கேற்பாளரே எழுதுவது பாராட்டத்தக்க ஏற்பாடு.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். விண்ணப்பிக்கும் முன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு மாலையும் கலந்துரையாடலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.