ஆறு ஆண்டுகள், மூன்று மடிக்கணினிகள், லினக்ஸ்

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றன. அதற்கு ஒரு வாரம் முன்னால், பொங்கலுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று என் பழைய மடிக்கணினியில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகையான லினக்ஸ் மிண்ட் 19.3-ஐ நிறுவினேன். நிறுவுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. வைஃபையை வரவழைக்க இரண்டு நாள் ஆனது.

அதிலிருந்து ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. எனக்கு வேலை மொழிபெயர்ப்பு. நாள் முழுக்கத் தமிழில் தட்டச்சு செய்கிறவன். இந்த ஆறு ஆண்டுகளில் மூன்று மடிக்கணினிகளில் லினக்ஸை நிறுவி, அன்றாட வேலைக்கு வைத்து ஓட்டியிருக்கிறேன். நிறுவுவது எப்படி என்று சொல்லித்தர நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. மறுநாள் காலை எது மக்கர் செய்யும், மூன்றாம் வருடம் எது செய்யும் என்று சொல்பவர்கள்தான் குறைவு. எனக்குத் தெரிந்து லினக்ஸை விட்டுத் திரும்பிப் போனவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே போனவர்கள். ஒரு வைஃபை சிப்போ, ஒரு கிராபிக்ஸ் கார்டோ, இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் பயாஸ் நிரலில் ஒரு அமைப்போ அவர்களை விரட்டிவிட்டது. அந்த வாரத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் வருடக்கணக்கில் நிம்மதி. அதனால் அந்த முதல் வாரத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் வைஃபை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள், பெரும்பாலான வைஃபை சிப்களை இயக்கும் டிரைவர் இருக்கிறது. ஆனால் சில சிப்கள் வேலை செய்ய, தயாரிப்பாளர் தரும் ஃபர்ம்வேர் என்ற தனிக் கோப்பும் வேண்டும். அது, யாரும் மாற்றிப் பகிரலாம் என்கிற கட்டற்ற உரிமத்தில் இல்லாததால் பல நிறுவல் வட்டுகளில் சேர்க்கப்படாது. என் மடிக்கணினியில் இருந்தது அப்படிப்பட்ட சிப். டிரைவரைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வந்தால், அது இன்னொரு கோப்பைக் கேட்டது. திரும்பப் போய் அதை எடுத்து வந்தால் அது மூன்றாவதைக் கேட்டது. இப்படியே இரண்டு நாள்.

கடைசியில் வழி என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் மடிக்கணினியோடு இணைத்து, போனின் இணையத்தைக் கேபிள் வழியே தரும் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தேன். லினக்ஸ் அதைச் சாதாரணக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொண்டது. உடனே இணையம் வந்தது. மிண்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்ததும் அது சிப்பைக் கண்டுபிடித்து, பரிந்துரைத்த டிரைவரைக் காட்டியது. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. புதிதாக நிறுவுகிற யாரிடமும் நான் முதலில் கேட்பது, போன் கேபிள் பக்கத்தில் இருக்கிறதா என்றுதான்.

லினக்ஸின் இன்னொரு வகையான டெபியன் பக்கம் போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இப்போது குறைந்துவிட்டது. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரையும் அதிகாரபூர்வ நிறுவல் வட்டிலேயே சேர்க்க முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. கொள்கை என்று பார்த்தால் மனம் கொஞ்சம் நெருடும்தான். ஆனால் வைஃபை வராத மடிக்கணினியில் யாரும் கட்டற்ற மென்பொருளுக்குப் பழகப்போவதில்லை. அவர்கள் எடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அடுத்து தமிழ். எனக்கு இதுதான் சோறு போடும் விஷயம். பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் ஐபஸ் என்ற நிரலையும் அதோடு எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை, ஒலிபெயர்ப்பு முறை இரண்டுமே கிடைக்கும். நான் பயன்படுத்துவது 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். நடுவில் புள்ளி தானே விழுந்துவிடும். இணையம் வந்த முதல் நாள் ஐபஸ்ஸை நிறுவியும், வேர்டுக்குப் பதிலான லிப்ரே ஆபீஸில் தமிழ் வரவில்லை, டெக்ஸ்ட் எடிட்டரில் மட்டும் வந்தது. மிண்டில் 'இன்புட் மெத்தட்' சாளரத்தைத் திறந்து ஐபஸ்ஸைத் தேர்வு செய்துவிட்டு, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வர வேண்டும். அவ்வளவுதான். அது தெரியாமல் ஒரு மாலை முழுக்கப் போனது. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை போன்ற எழுத்துருக்களையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். கண்ணுக்கு அத்தனை வித்தியாசம் தெரியும்.

ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் தட்டிய பழைய கோப்புகள் இன்னும் எனக்கு வருகின்றன. அப்படியொரு எழுத்துருவான பாமினியின் கோப்பை, நம் கோப்புகள் எல்லாம் இருக்கும் வீட்டு அடைவில் உள்ள எழுத்துருக் கோப்புறையில் போட்டுவிட்டால் லிப்ரே ஆபீஸ் அவற்றைச் சரியாகவே காட்டுகிறது. ஆனால் அங்கே ஒரு பொறி இருக்கிறது. பாமினியில் சின்ன 'எம்' என்பது 'அ', பெரிய 'எம்' என்பது 'ஆ'. லிப்ரே ஆபீஸோ ஆங்கில வாக்கியம் என்று நினைத்து, வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். 'அவர்' என்று தட்டினால் 'ஆவர்' ஆகிவிடுகிறது. ஒரு முழு அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. ஆட்டோ கரெக்ட்டில் அந்த ஒரு குறியை எடுத்துவிட்டால் போதும்.

2022-இல் புது மடிக்கணினி வாங்கினேன். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளது. விண்டோஸ் 11-ஐ வைத்துக்கொண்டு பக்கத்தில் மிண்ட் 21-ஐ நிறுவலாம் என்று தொடங்கினேன். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து லைவாக ஓடியது, ஆனால் நிறுவும்போது உள்ளே இருக்கும் டிஸ்க்கே தெரியவில்லை. காரணம், பயாஸில் டிஸ்க்கை அணுகும் முறை 'ரெய்டு' என்று இருந்தது. அதை ஏஹெச்சிஐ என்ற இன்னொரு முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் மாற்றிவிட்டு நேராக விண்டோஸைத் திறந்தால் அது நீலத்திரை காட்டும். முதலில் விண்டோஸைச் சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்துவிட்டு, அதற்குப் பிறகு பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் உள்ளே போய், பிறகு சாதாரண முறைக்குத் திரும்ப வேண்டும். இந்த வரிசை தவறக் கூடாது. இதற்கெல்லாம் முன்பே, விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸைத் தொட்டாலே விண்டோஸ் அதைக் கேட்க வாய்ப்புண்டு. லினக்ஸுக்கு இடம்விட டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியை, அதாவது பார்ட்டிஷனைச் சுருக்குவதையும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்வது பாதுகாப்பு.

நிறுவல் முடிந்து ரீஸ்டார்ட் செய்தேன். திரை கறுப்பாக நின்றது. விசிறி மட்டும் சுற்றுகிறது. இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கெர்னலில் இயல்பாக இருக்கும் கிராபிக்ஸ் டிரைவருக்கும் அந்தக் கார்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். தொடங்கும்போது எந்த இயங்குதளம் என்று கேட்கும் கிரப் மெனுவில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 அழுத்தினேன். சாதாரணத் தெளிவில் திரை வந்தது. உள்ளே போய் டிரைவர் மேனேஜரில் கார்டு நிறுவனத்தின் டிரைவரைப் போட்டேன்.

நம்பகமான கையொப்பம் இல்லாத நிரல்களைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் ஆன் செய்யப்பட்டிருந்தால், அப்போது ஒரு புதுக் கடவுச்சொல் வைக்கச் சொல்லும். அடுத்த முறை தொடங்கும்போது நீலநிறத்தில் ஒரு திரை வந்து சில வினாடிகள் காத்திருக்கும். அதில் 'என்ரோல் மாக்' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். என்னவோ ஏதோ என்று அதைத் தாண்டிவிட்டால் டிரைவர் போட்டும் போடாததுபோலத்தான் இருக்கும். நான் முதல்முறை தாண்டிவிட்டேன். டிரைவரைத் திரும்ப நிறுவி, அந்தத் திரையை மறுபடி வரவைத்துச் சரிசெய்தேன்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்துக்கொண்டால் வரும் இன்னொரு சிக்கல் கடிகாரம். காலை பத்து மணிக்கு விண்டோஸைத் திறந்தால் நாலரை என்று காட்டும். மடிக்கணினியின் உள்கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருப்பதாக லினக்ஸ் எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் உள்ளூர் நேரம் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். நமக்கும் பொது நேரத்துக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அதனால் சரியாக அந்த ஐந்தரை மணி நேரம்தான் தவறும். உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைத்துக்கொள்ளும்படி லினக்ஸில் ஒரே ஒரு கட்டளையால் சொல்லிவிடலாம்.

இந்த மடிக்கணினியில் இன்றுவரை முழுசாகத் தீராதது தூக்கம். மூடி வைத்தால் ஆழ்ந்து தூங்கும் பழைய முறை புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இல்லை. போன்போல அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். ஒருமுறை கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது மூடிப் பையில் வைத்தேன். தாம்பரத்தில் எடுத்தபோது பை சுட்டது, பேட்டரி காலி. இப்போது பையில் வைப்பதற்கு முன் ஷட் டவுன் செய்துவிடுகிறேன். திரும்பத் தொடங்க இருபது வினாடிகூட ஆவதில்லை. டிஎல்பி என்ற சிறு நிரலைப் போட்டு, பேட்டரி 80 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். எல்லா மடிக்கணினிகளும் இதற்கு இடம் தராது, என்னுடையது தருகிறது.

மூன்றாவது மடிக்கணினி என் சித்தி மகளுடையது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியது. அதில் அப்போதே விண்டோஸ் 7-க்குப் பக்கத்தில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அவள் வகுப்பில் யாரும் அதைத் திறந்ததில்லையாம். 2 ஜிபி ரேம், மெதுவான வன்தட்டு. பத்து வருடம் பரணில் கிடந்தது. 2023-இல் வன்தட்டை எடுத்துவிட்டு வேகமான எஸ்எஸ்டி போட்டு, டெபியன் 12-ஐ எல்எக்ஸ்கியூடி என்ற இலகுவான மேசைத்தளத்தோடு நிறுவினேன். எஸ்எஸ்டியின் விலை அப்போது இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான் இருந்தது. அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது என்பதை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் வீட்டில் டியூஷன் எடுக்கிறாள். கேள்வித்தாள்களைத் தமிழில் தட்டி அச்செடுப்பாள். ஒருநாள் இரவு போன் வந்தது.

"அண்ணா, கரண்ட் போய் வந்துச்சு. இப்போ கறுப்பு ஸ்க்ரீன்ல இங்கிலீஷ்ல ஏதோ வந்து நிக்குது. நாளைக்குக் காலைல பசங்களுக்கு டெஸ்ட் இருக்கு."

"பதறாத. கடைசி வரில என்ன இருக்குன்னு படி."

"பிராக்கெட்டுக்குள்ள இனிட் ராம் எஃப்எஸ்னு இருக்கு."

"அதுக்கு மேல எஃப்எஸ்சிகேன்னு எங்கயாவது இருக்கா?"

"இருக்கு. ரன் எஃப்எஸ்சிகே மேனுவலின்னு இருக்கு."

மின்சாரம் திடீரென்று போனதில் கோப்பு அமைப்பு பாதி எழுதியபடி நின்றுவிட்டது. அதைச் சரிபார்த்துத் திருத்தும் கட்டளைதான் எஃப்எஸ்சிகே. என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதுவே திரையில் எழுதி வைத்திருக்கிறது. எந்தப் பார்ட்டிஷன் என்று மேல்வரியிலிருந்து படிக்கச் சொன்னேன். எஃப், எஸ், சி, கே, ஒரு ஸ்பேஸ், ஒரு ஹைஃபன், ஒய், மறுபடி ஸ்பேஸ், சாய்கோடு, டெவ், சாய்கோடு, எஸ்டிஏ1. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தட்டினாள். எழுத்துகள் வேகமாக ஓடி நின்றன. 'எக்ஸிட்' என்று தட்டச் சொன்னேன். மேசைத்தளம் வந்தது, கேள்வித்தாளும் பத்திரமாக இருந்தது. அடுத்த வாரமே அதற்கு ஒரு பேட்டரி வாங்கிப் போட்டோம். செத்த பேட்டரியோடு மின்வெட்டு உள்ள ஊரில் எந்த இயங்குதளத்தையும் ஓட்டக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

நீண்ட காலப் பயன்பாட்டில் என்னைக் காப்பாற்றியது இரண்டு பழக்கங்கள். ஒன்று, நிறுவும்போதே வீட்டு அடைவுக்குத் தனிப் பார்ட்டிஷன். இயங்குதளம் இருக்கும் மூலப் பகுதிக்கு 40 ஜிபி கொடுத்துவிட்டு மீதியை அதற்கு வைத்தேன். பழைய மடிக்கணினியை 19.3-இலிருந்து 20, 21, இப்போது 22 வரை கொண்டுவந்ததில், ஒருமுறை அடியோடு துடைத்து நிறுவ வேண்டி வந்தது. என் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இன்னொன்று, கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்ட் என்ற நிரல். எந்தப் பெரிய மாற்றத்துக்கும் முன்னால் அதில் ஒரு நகல் எடுத்துக்கொள்வேன். ஆனால் அது இயல்பாகக் காப்பது இயங்குதளத்தை மட்டும்தான், உங்கள் ஆவணங்களை அல்ல. ஆவணங்களுக்குத் தனி வன்தட்டு வைத்திருக்கிறேன்.

வராத விஷயங்களும் உண்டு. ஒரு வாடிக்கையாளர் கேட்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு விண்டோஸ் மென்பொருள் மட்டும்தான் தருகிறார்கள். அதற்காகவே இரண்டாவது மடிக்கணினியில் விண்டோஸை வைத்திருக்கிறேன். தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இருக்கும் சின்ன லேசர் பிரிண்டரும் லினக்ஸோடு சேராது. பிரிண்டர் வாங்கும்போது, டிரைவர் இல்லாமலே நெட்வொர்க்கில் அச்சடிக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து தெரிந்தவர்கள் பழைய மடிக்கணினிகளைக் கொண்டுவருகிறார்கள். நான் உடனே நிறுவுவதில்லை. லைவாக ஓடவிட்டு வைஃபை, ஸ்பீக்கர், மைக், கேமரா, வெளிச்சம் கூட்டும் விசை எல்லாவற்றையும் பார்ப்பேன். மூடியை மூடித் திறப்பேன். ஒரு பாட்டு முழுக்க ஓடவிடுவேன். எல்லாம் சரி என்றால்தான் டிஸ்க்கைத் தொடுவேன். போன மாதம் மச்சானுடைய மடிக்கணினி வந்தது. எல்லாம் வந்துவிட்டது, மைக் மட்டும் வரவில்லை. அவருக்கு அது அவசரமில்லை என்றதால் நிறுவிக் கொடுத்துவிட்டேன். அப்டேட் மேனேஜரில் அடுத்த கெர்னல் வந்ததும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.