ஆக்கமாஸா, கர்பாஸா? சைப்ரசின் இரு தீபகற்பங்கள்

சைப்ரஸ் தீவின் வடமேற்கு மூலையில் ஆக்கமாஸ் தீபகற்பமும், வடகிழக்கில் சுமார் 80 கிலோமீட்டர் நீண்டு ஒடுங்கும் கர்பாஸ் தீபகற்பமும் உள்ளன. காட்டுயிரையும் தாவரங்களையும் காண ஒரே ஒரு பயணம்தான் வாய்க்கும் என்பவருக்கு இரண்டில் எது ஏற்றது என்பதைப் பருவத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

தட்பவெப்பத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. நவம்பர் முதல் மார்ச் வரை மழை பெய்யும். மே நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை வானம் வறண்டே கிடக்கும். மழையும் குளிரும் சேர்ந்து வருவதால் இங்குள்ள செடிகள் குளிர்காலத்தில் வளர்ந்து, வசந்தத்தில் பூத்து, கோடையில் கிழங்காகவோ விதையாகவோ ஒடுங்கிவிடுகின்றன. கோடை முடிவில், முதல் மழைக்கும் முன்னரே, இலையே இல்லாமல் நெடிய வெள்ளைப் பூந்தண்டை நீட்டும் செடி ஒன்று இரண்டு இடங்களிலும் உண்டு. அது நம் நரிவெங்காயத்தின் நெருங்கிய உறவு.

தாவரங்களைப் பொறுத்தவரை ஆக்கமாஸின் பக்கமே தட்டு தாழ்கிறது. காரணம் அதன் நிலவியல். சுண்ணாம்புப் பாறையும், கடலடித் தரை மேலெழுந்ததால் வெளிப்பட்ட பாம்புக்கல் பாறையும் அங்கே அடுத்தடுத்துக் கிடக்கின்றன. பாம்புக்கல் மண்ணில் மக்னீசியம் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. அதில் பிழைக்கப் பழகிய செடிகள் தனிக்கூட்டமாகவே இருக்கின்றன. தீவுக்கே உரிய ஓரிடவாழ் தாவரங்கள் 140-க்கும் மேற்பட்டவை. அவற்றில் கணிசமானவை ஆக்கமாஸில் வளர்கின்றன. அடர் சிவப்பு நிறச் சைப்ரஸ் துலிப் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இங்கே பூக்கிறது. அவாக்காஸ் பள்ளத்தாக்கின் ஈரம் கசியும் நிழற்பாறைச் சுவர்களில் தொங்கும் ஊதாப் பூச்செடியான ஆக்கமாஸ் சென்டோரியாவை அப்பள்ளத்தாக்கையும் அருகிலுள்ள ஓரிரு இடங்களையும் தவிர உலகில் வேறெங்கும் காண முடியாது. ஒரு பாறை சரிந்தாலே ஓர் இனத்தின் பெரும்பகுதி போய்விடும் என்ற நிலையில் நிற்கும் செடி அது. பார்ப்பவர் கை வைக்காமல் பார்க்க வேண்டும்.

கர்பாஸின் நிலம் வேறு வகை. பென்டடாக்டிலோஸ் மலைத்தொடர் கிழக்கே தாழ்ந்து தாழ்ந்து மென்மையான குன்றுகளாகிக் கடலில் முடியும் இடம் அது. ஜூனிபர் புதர்களும் கரோப் மரங்களும் அங்கும் நிறைந்திருந்தாலும், தாவர வகையில் ஆக்கமாஸுக்கு ஈடாகாது. அதன் வலு கடற்கரையில்தான் இருக்கிறது. தங்கக் கடற்கரை எனப்படும் நீண்ட மணல்வெளியில் பேராமையும் பெருந்தலை ஆமையும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முட்டையிடக் கரையேறுகின்றன. விடியற்காலையில் மணலைக் கவனித்தால் வந்தது எது என்று சொல்லிவிடலாம்: பேராமை இரு முன்துடுப்புகளையும் ஒரே நேரத்தில் வீசி நகர்வதால் தடம் இருபுறமும் நேருக்கு நேர் பதியும், பெருந்தலை ஆமை மாற்றி மாற்றி வீசுவதால் தடம் முன்பின்னாக இருக்கும். முனைக்கு அப்பாலுள்ள கிளைட்ஸ் தீவுத்திட்டுகள், மத்தியதரைக் கடலுக்கே பெரிதும் உரிய ஓடுவன் கடற்காகம் கூடுகட்டும் இடம்.

கர்பாஸைப் பற்றிப் பேசுவோர் முதலில் சொல்வது கழுதைகளைத்தான். 1974-இல் தீவு துருக்கியர் வடக்கு, கிரேக்கர் தெற்கு எனப் பிரிந்தபோது வடக்கிலுள்ள கர்பாஸிலிருந்து வெளியேறிய கிரேக்க சைப்ரியாட் உழவர்கள் விட்டுச்சென்றவற்றின் வழித்தோன்றல்கள் அவை. அழகானவைதான்; ஆனால் அவற்றைக் காட்டுயிர் என்ற கணக்கில் சேர்ப்பது சரியல்ல என்பது என் கருத்து. பயிரை மேய்வதால் விவசாயிகளுக்கும் அவற்றுக்கும் ஓயாத மோதல் இருக்கிறது. வண்டியை நிறுத்தித் தீனி கொடுப்போர் அதை மேலும் வளர்க்கிறார்கள்.

ஆமைப் பாதுகாப்பில் ஆக்கமாஸ் முந்திக்கொள்கிறது. அங்குள்ள லாரா விரிகுடாவில் சைப்ரஸ் மீன்வளத் துறை 1978-இலேயே பணியைத் தொடங்கியது. நரி தோண்டாதபடி முட்டைக் குழிகளின்மேல் கம்பிக்கூண்டு வைக்கிறார்கள். குஞ்சுகளின் பாலினத்தை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. சுமார் 29 பாகை செல்சியசுக்கு மேல் போனால் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பொரியும் என்பதால், கோடை கடுமையாவது இரு கரைகளுக்கும் சம அளவு கவலைதான்.

ஆகவே மார்ச், ஏப்ரலில் செல்பவர் தயங்காமல் ஆக்கமாஸையே தேர்ந்தெடுக்கலாம். கோடையில் மட்டுமே விடுப்பு கிடைப்பவருக்குக் கர்பாஸின் மணல்வெளிதான் மேல். 2003 முதல் எல்லைக் கடவைகள் திறந்திருப்பதால் தெற்கிலிருந்தும் கடவுச்சீட்டுடன் அங்கே செல்லலாம்; இரவில் கடற்கரைக்குக் கைவிளக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம், வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும்.